சப்ரீனும் ‘நிண்டு’ என்ற சொல்லும்

சப்ரீன் என்ன வேலை பார்க்கிறாள் என்று ஸ்ரீவில்லிபுத்தூரில் அவள் தெருவில் கேட்டால், கம்ப்யூட்டரில் டைப் அடிக்கிறாள் என்பார்கள். அவளுடைய அண்ணன் ஜாபிரைக் கேட்டால், “மிஷினுக்குக் கடுதாசி எழுதுதா” என்று சொல்லிச் சிரிப்பார். ராஜபாளையத்தில் அவள் வேலை பார்க்கும் அலுவலகத்திலேயே கேட்டாலும் ஆளுக்கொரு பதில்தான் வரும். இத்தனைக்கும் அந்த வேலையை மூன்று வாக்கியத்தில் சொல்லிவிடலாம். சொல்லத்தான் ஆள் இல்லை. அந்த எரிச்சலில்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

மென்பொருள் எழுதுகிறவர்கள், எழுதியதைச் சேர்த்துக் கட்டவும் சோதித்துப் பார்க்கவும் வாடிக்கையாளரின் கணினியில் ஏற்றவும் தாமாக இயங்கும் கருவிகள் சிலவற்றை வைத்திருக்கிறார்கள். முன்பு மனிதர்கள் முடுக்கிவிட்ட அந்தக் கருவிகளை இப்போது ஏஐ ஏஜென்ட் என்கிற இன்னொரு நிரல் முடுக்கிவிடுகிறது. அது தவறில்லாமல் பயன்படுத்தும்படி ஒவ்வொரு கருவிக்கும் குறிப்பு எழுதுவது சப்ரீனின் வேலை.

அவ்வளவுதான். இதில் கடுதாசியும் இல்லை, டைப்பும் இல்லை.

அலுவலகம் பஞ்சு மார்க்கெட் நிறுத்தத்துக்குப் பக்கத்தில் ஒரு மாடியில் இருக்கிறது. நடத்துகிறவர் வெங்கடேஸ்வரி அம்மாள். வீட்டில் தெலுங்கு பேசுகிற குடும்பம். சத்திரப்பட்டிப் பக்கம் பேண்டேஜ் துணி நெய்கிற தறிக்காரர்களுக்கு ஆர்டர், சரக்கு, பில் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்கிற மென்பொருளைத் தனியாளாக எழுதத் தொடங்கி, இன்றைக்குப் பத்துப் பன்னிரண்டு பேருக்கு வேலை கொடுக்கிறார். அவருடைய தகப்பனாரும் நானும் ஒரே மில்லில் வேலை பார்த்தவர்கள். ஸ்டோர்ஸில் வரவு, வழங்கல், இருப்பு எழுதிக்கொண்டிருந்தவன் நான். ஓய்வு பெற்று வெகுநாள் கழித்து ஒருநாள் அந்த அம்மாள் என்னைக் கூப்பிட்டு, “அண்ணாச்சி, எழுதுனதை எழுதுனபடி செய்யுற ஆளு இந்த ஊர்ல நீங்க ஒருத்தர்தான். அந்த ஏஜென்ட்டும் அப்படித்தான். வந்து குறிப்பைப் படிச்சுச் சொல்லுங்க” என்றார். அது பாராட்டா கேலியா என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. வாரத்தில் ஓரிரு மதியம் போவேன். சப்ரீன் எழுதிய குறிப்பைப் படித்து, இதன்படி நான் என்ன செய்வேன் என்று சொல்வேன். நான் தடுமாறுகிற இடத்தில் அவள் திருத்தி எழுதுவாள். அப்படித்தான் அவளை எனக்குத் தெரியும்.

அவள் அத்தா என்று சொல்லும் தகப்பனார் அப்துல் ஹமீது ஸ்ரீவில்லிபுத்தூரில் செருப்புக் கடை வைத்திருந்தவர். சப்ரீன் கணினி படித்துவிட்டுச் சென்னைக்குப் போய் கிரைண்டர், வாஷிங் மெஷின் செய்கிற ஒரு நிறுவனத்தில் பயன்பாட்டுக் கையேடு எழுதிக்கொண்டிருந்தாள். கையேட்டின் கடைசிப் பக்கத்தில் போடுகிற எச்சரிக்கைகளை முதல் பக்கத்தில் போட வேண்டும் என்று அங்கே ஒரு வருடம் சண்டை போட்டதாகச் சொல்லுவாள். கிரைண்டர் ஓடும்போது கையை விடக் கூடாது என்பதை விரல் போன பிறகு படித்து என்ன பயன் என்பது அவள் கட்சி. அவர்கள் கேட்கவில்லை. அத்தா பக்கவாதத்தில் விழுந்ததும் வேலையை விட்டுவிட்டு ஊருக்கு வந்தாள். அவர் காலமான பிறகு கடை ஜாபிரின் கைக்கு வந்தது. சப்ரீனுக்குக் கடையின் பில் மேசை வந்தது.

ஜாபிர் கெட்டவர் இல்லை. தங்கை வெயிலில் அலைய வேண்டாம், கண்ணுக்கு முன்னால் இருக்கட்டும் என்று நினைப்பவர். ஆனால் அந்த மேசையில் உட்கார்ந்திருந்த காலத்தைப் பற்றி அவள் ஒரு வார்த்தை நல்லபடியாகச் சொல்லி நான் கேட்டதில்லை. செருப்பின் அளவைக் கேட்டால் காலைத் தூக்கிக் காட்டுகிறார்கள் என்று மட்டும் சொல்வாள். வெங்கடேஸ்வரி அம்மாள் குறிப்பு எழுத ஆள் தேடுகிறார் என்று கேள்விப்பட்டதும் பஸ் ஏறி வந்து கேட்டு வாங்கிய வேலை இது. ஆறு மாதம் பார்ப்பது, சரியாக வந்தால் நிரந்தரம், இல்லையென்றால் மறுபடி பில் மேசை. அதற்கு ஜாபிரும் சம்மதித்தார். சம்மதித்துவிட்டு அந்த மேசைக்கு வேறு ஆள் போடாமலே வைத்திருந்தார். காலையில் கடையைத் தாண்டிப் பஸ்ஸுக்குப் போகும்போதெல்லாம் அந்தக் காலி நாற்காலி தன்னைப் பார்ப்பதுபோல் இருக்கும் என்பாள்.

வேலையில் சேர்ந்த பிறகுதான் அவளுக்குத் தெரிந்தது, கருவிகளைப் பற்றி எழுதப்பட்டது எதுவுமே கிடையாது என்று. எல்லாம் முத்துப்பாண்டியின் தலைக்குள் இருந்தது. முத்துப்பாண்டி சேத்தூர்க்காரன், வேலையில் கெட்டிக்காரன், வாயில் மகா கஞ்சன். வெங்கடேஸ்வரி அம்மாள் கருவிகளுக்கு வாய்க்கு வந்தபடி ஊர்ப் பேர் வைத்திருந்தார். நிரல்களைச் சேர்த்து ஒன்றாக்குவது ‘கட்டு’. சோதிப்பது ‘பாரு’. வாடிக்கையாளரின் கணினிக்கு அனுப்புவது ‘ஏத்து’. இந்த மூன்றையும் பற்றி முத்துப்பாண்டியிடமிருந்து விவரம் வாங்குவதற்குள் அவளுக்கு மூச்சு வாங்கிவிட்டது.

‘கட்டு’ ஓடி முடிய எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்டால் செத்த நேரம் என்பான். செத்த நேரம் என்றால் எவ்வளவு என்றால் ஒரு டீ குடித்துவிட்டு வருகிற நேரம் என்பான். நடுவில் நின்றுபோனால் என்ன செய்ய வேண்டும் என்றால் பொறவு திரும்ப ஓட்ட வேண்டும் என்பான். ‘பொறவு’ என்றால் உடனேயா, காரணத்தைக் கண்டுபிடித்த பிறகா? அதற்கு அவன் அவளைப் பரிதாபமாகப் பார்ப்பான். ஏஜென்ட்டுக்கு டீயும் தெரியாது, பொறவும் தெரியாது என்று அவள் சொன்னபோது, அப்படியென்றால் அது என்ன ஏஐ என்று திருப்பிக் கேட்டான். பக்கத்தில் இருந்த எனக்கு ரத்தம் கொதித்தது. மில்லில் ‘கொஞ்சம் ஆயில்’ என்று இண்டென்ட் சீட்டு எழுதிக்கொண்டு வருகிறவர்களை எத்தனை பேரைத் திருப்பி அனுப்பியிருப்பேன்.

சப்ரீன் கோபப்பட மாட்டாள். அவளிடம் ஒரே ஒரு கேள்வி உண்டு. எந்த விவரத்தைச் சொன்னாலும், “அது மறுபடி வந்தா?” என்று கேட்பாள். அதற்குப் பதில் வாங்காமல் நகர மாட்டாள். ஒருநாள் நான், இவ்வளவு நுணுக்கம் வேண்டுமா, படிக்கப்போவது ஒரு இயந்திரம்தானே என்று கேட்டேன்.

“மனுசங்க கையேட்டைப் படிக்கவே மாட்டாங்கய்யா. தப்பா எழுதியிருந்தாலும் தப்பிச்சுக்கிடலாம். இது ஒரு எழுத்து விடாமப் படிக்குது. படிச்சதை அப்படியே செய்யுது. அதான் பயமா இருக்கு” என்றாள்.

அந்தப் பயம் பலிக்கத்தான் செய்தது.

‘பாரு’ கருவியை ஓட்டினால் முடிவில் ஆங்கில எழுத்தில் ஒரு சொல் வரும். சோதனை தேறினால் ‘சரி’. தேறவில்லையென்றால் ‘தப்பு’. எப்போதாவது ‘நிண்டு’ என்று வரும். அது என்ன என்று சப்ரீன் கேட்டாள். தெலுங்கு வார்த்தை, நிறைந்துவிட்டது என்று அர்த்தம் என்றான் முத்துப்பாண்டி. எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. இந்த ஊரில் குழாயடியில் நின்றவர்கள் யாருக்கும் குடம் நிண்டுவது தெரியும். நிறைந்துவிட்டால் என்ன செய்வாய் என்று அவள் கேட்டாள். பழைய மாதிரிகளை அழித்துவிட்டுத் திரும்ப ஓட்டுவேன் என்றான். சோதனைக்காக வைத்திருக்கும் மாதிரி ஆர்டர்களைத்தான் அவர்கள் மாதிரி என்பார்கள். அவள் வழக்கம்போல, “மறுபடி நிண்டுன்னே வந்தா?” என்றாள்.

“மறுபடி அழிக்க வேண்டியதுதான். இதுல என்னக்கா இருக்கு?” என்றான்.

அவளும் அப்படியே எழுதினாள். ‘நிண்டு: நிறைந்துவிட்டது. பழைய மாதிரிகளை நீக்கிவிட்டு மீண்டும் இயக்கவும். மீண்டும் நிண்டு என்று வந்தால் மேலும் நீக்கவும்.’ நான் படித்துப் பார்த்து, தெளிவாக இருக்கிறது என்று தலையாட்டினேன். உண்மையிலேயே தெளிவாகத்தான் இருந்தது.

ஆறு மாதம் முடிகிற சமயம் வெங்கடேஸ்வரி அம்மாள் ஒரு பரீட்சை வைத்தார். பில்லில் துணியின் அகலமும் சேர்ந்து அச்சாக வேண்டும் என்று ஒரு தறிக்காரர் கேட்டிருந்தார். சின்ன மாற்றம். அதை ஏஜென்ட் தானே எழுதி, தானே கட்டி, தானே சோதித்து, ‘ஏத்து’ வரைக்கும் கொண்டு வர வேண்டும். மனிதர்கள் கை வைக்கக் கூடாது. அதற்குத் துணை சப்ரீனின் குறிப்புகள் மட்டும். சரியாக வந்தால் அவள் வேலை நிரந்தரம். இந்தக் குறிப்பெல்லாம் தேவையே இல்லை, நிரலை நேராகப் படித்தாலே ஏஜென்ட்டுக்குப் புரிந்துவிடும் என்று முத்துப்பாண்டி முதலிலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தான். சரியாக வரவில்லையென்றால் அவன் சொல்கிற வழி.

அன்றைக்கு நானும் போயிருந்தேன். திரையில் ஏஜென்ட் ஒவ்வொரு படியையும் சொல்லிக்கொண்டே செய்தது. மாற்றத்தை எழுதியது. குறிப்பில் சொன்னபடி ‘கட்டு’ ஓட்டி, அது முடியும்வரை காத்திருந்தது. சப்ரீன் முகத்தில் ஒரு மலர்ச்சி. எழுதியவளுக்கு அதைவிட வேறென்ன வேண்டும்? முத்துப்பாண்டி டீ குடிக்கக் கீழே போனான். வெங்கடேஸ்வரி அம்மாள் தன் அறையில் யாரோ தறிக்காரரிடம் போனில் பேசிக்கொண்டிருந்தார்.

ஏஜென்ட் ‘பாரு’வை ஓட்டியது. நிண்டு என்று வந்தது. குறிப்பின்படி பழைய மாதிரிகளை நீக்குகிறேன் என்று எழுதியது. நீக்கியது. மறுபடி ஓட்டியது. நிண்டு. குறிப்பின்படி மேலும் நீக்குகிறேன் என்றது. மறுபடி நிண்டு. மேலும் நீக்கியது. இரண்டாவது தடவை வரைக்கும் சப்ரீன் பெருமையாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதற்குப் பிறகு எழுந்து நின்றுவிட்டாள். நிறுத்துகிற வசதி முத்துப்பாண்டியின் கணினியில்தான் இருந்தது. அது அவனுடைய கடவுச்சொல் கேட்டது. படியில் ஓடி அவனைக் கூட்டிக்கொண்டு அவள் மேலே வருவதற்குள் திரையில் கடைசி வரி வந்துவிட்டது. மாதிரிகள் அனைத்தும் நீக்கப்பட்டுவிட்டன, ஆனாலும் நிறைந்தே உள்ளது, மேலும் நீக்குவதற்கு எதுவும் இல்லை, அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று பணிவாகக் கேட்டிருந்தது.

ஒரு மனிதப் பிறவியாக இருந்தால், எல்லாவற்றையும் அள்ளி வெளியே கொட்டிய பிறகும் பாத்திரம் எப்படி நிறைந்திருக்கும் என்று யோசித்திருக்கும். அதுவும் நிச்சயமில்லை. மில்லில் யோசிக்காத மனிதப் பிறவிகளோடுதான் என் காலம் போனது.

அந்த மாதிரிகள் வெங்கடேஸ்வரி அம்மாள் தொழில் தொடங்கிய நாளிலிருந்து சேர்த்தவை. எந்தத் தறிக்காரர் எப்படிக் கோணலாக ஆர்டர் கொடுத்தாலும் அதை ஒரு மாதிரியாக எடுத்து வைப்பார். நல்லவேளையாக முத்துப்பாண்டியிடம் ஒரு நகல் இருந்தது. சாயங்காலத்துக்குள் பெரும்பாலானவற்றைத் திரும்ப வைத்துவிட்டான். அந்த அம்மாள் சத்தம் போடவில்லை. போட்டிருந்தாலாவது பரவாயில்லை. சப்ரீனைக் கூப்பிட்டு, “மாசக் கடைசி வரைக்கும் இரும்மா. பொறவு பாத்துக்கிடலாம்” என்றார்.

இந்தப் பக்கத்தில் பிறந்து வளர்ந்த யாருக்கும் அதற்கு என்ன அர்த்தம் என்று சொல்லத் தேவையில்லை. வேலை இல்லை என்று அர்த்தம். அதை அப்படியே வாய் திறந்து சொன்னால் என்ன குடி முழுகிவிடும் என்று எனக்குப் புரியவில்லை. பஸ்ஸில் போகும்போது, நாளைக்கும் வர வேண்டுமா வேண்டாமா என்று அந்தப் பெண் எதைப் பார்த்து முடிவு செய்வாள்? ஆனால் அவள் சரியாகப் புரிந்துகொண்டாள். வீட்டில் சொன்னாள். ஜாபிர் மறுநாளே பில் மேசையைத் துடைத்து, புதிய மின்விசிறி ஒன்றும் மாட்டிவைத்தார். அந்த மின்விசிறியைப் பற்றிச் சொன்னபோதுதான் அவள் கண் கலங்கியது.

அந்தக் கடைசி வாரத்தில், முடிக்காத குறிப்புகளை ஒப்படைப்பதற்காக வெங்கடேஸ்வரி அம்மாளின் அறைக்கு அவள் போனாள். சரிபார்த்தவன் என்ற முறையில் என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். அந்த அம்மாளுக்கு வீட்டிலிருந்து போன் வந்தது. தெலுங்கில் பேசினார். “பிய்யம் நிண்டுகுந்தியா? சரே, சரே” என்று வைத்துவிட்டு, கதவுக்கு வெளியே பார்த்து, “முத்து, மதியம் போறப்ப அரிசிக் கடையில ஒரு சிப்பம் எடுத்து நம்ம வீட்ல போட்டுட்டு வந்துரு” என்றார்.

எனக்கு அதில் ஒன்றும் தோன்றவில்லை. சப்ரீன் கையிலிருந்ததைக் கீழே வைத்தாள்.

“மேடம், வீட்ல அரிசி நிண்டுன்னா சொன்னாங்க?”

“ஆமா.”

“நெறஞ்சிருக்குன்னா எதுக்கு வாங்கிப் போடச் சொல்றீங்க?”

வெங்கடேஸ்வரி அம்மாள் சிரித்துவிட்டார். “ஏட்டி, அரிசி தீந்து போச்சுன்னு வெளக்கேத்துற வீட்ல யாராச்சும் வாயால சொல்லுவாங்களா? நிண்டிந்தின்னா நெறஞ்சது. நிண்டுகுந்தின்னா வாங்கணும்னு அர்த்தம். ஏன், உங்க வீட்ல எப்படிச் சொல்லுவீங்க?”

“பரக்கத்தா இருக்குன்னு அம்மா சொல்லும். பரக்கத்துன்னாலும் நெறைவுதான்” என்றாள் சப்ரீன். சொல்லிவிட்டு மெதுவாகக் கேட்டாள். “அப்போ ‘பாரு’ல வருதே ஒரு நிண்டு. அது எந்த நிண்டு?”

“அதுவும் இதுதான். ஒருதரம் ஓட்டுன மாதிரி மறுபடி ஓடாதுல்ல, எல்லாம் ஓடிருச்சு, புதுசு போடுன்னு அர்த்தம். முழுசா எழுதுனா நீளமா இருக்கேன்னு வாலை வெட்டிட்டேன். வேற என்ன அர்த்தம் இருக்கு?”

கதவோரம் வந்து நின்ற முத்துப்பாண்டியின் வாய் பாதி திறந்திருந்தது. அவன்தான் முதலில் பேசினான். “நான் நெறஞ்சிருச்சுன்னுல மேடம் நெனச்சேன்.”

விவரம் இதுதான். நிண்டு என்று வரும்போதெல்லாம் முத்துப்பாண்டி தன் கணினியில் ஒரு விசையைத் தட்டுவான். அது பழைய மாதிரிகளை அழிக்கும். கூடவே அவனிடம் இருக்கும் நகலிலிருந்து புதியவற்றைக் கொண்டுவந்து வைக்கும். வேலை நடந்துவிடும். அழித்ததால் நடந்தது என்று அவன் நினைத்தான். வைத்ததால் நடந்தது என்பது அவனுக்குத் தெரியாது. ஏஜென்ட்டிடம் அந்த விசை இல்லை. அது காலிப் பாத்திரத்தைக் காலி செய்துகொண்டே இருந்தது. காலியாக ஆக, கருவி நிண்டு நிண்டு என்று சொல்லிக்கொண்டே இருந்தது. இரண்டு பேர் ஒரே அலுவலகத்தில் இத்தனை வருடம் உட்கார்ந்து, ஒரே சொல்லை நேர்எதிரான பொருளில் பயன்படுத்திக்கொண்டு, ஒரு நாள்கூட இடறாமல் இருந்திருக்கிறார்கள். ஒரு சொல்லின் வாலை வெட்டினால் என்ன ஆகும் என்று யாருக்கும் தோன்றவில்லை. எனக்கு அன்றைக்கு இரவுச் சாப்பாடு இறங்கவில்லை.

இத்தோடு சப்ரீனின் வேலை திரும்பக் கிடைத்துவிட்டது என்று நினைத்தால் அது வெங்கடேஸ்வரி அம்மாளைத் தெரியாதவர்கள் நினைப்பது. சரி, காரணம் தெரிந்துவிட்டது, ஆனாலும் எழுதியது தப்புத்தானே என்றார். தப்புத்தான் என்று சப்ரீன் ஒத்துக்கொண்டாள். ஒத்துக்கொண்டுவிட்டு, குறிப்பே இல்லாமல் முத்து சொல்கிற வழியிலும் ஒருதரம் ஓட்டிப் பாருங்கள், பார்த்துவிட்டு என்னை அனுப்புங்கள் என்றாள். அந்த அம்மாள் சரி என்றார்.

முத்துப்பாண்டி குறிப்புகளை எடுத்துவிட்டு, நிரலை மட்டும் ஏஜென்ட்டுக்குக் காட்டினான். மாதிரிகள் தீர்ந்த நிலையிலேயே ஓட்டினார்கள். நிண்டு என்று வந்தது. ஏஜென்ட் நிரலை மேலும் கீழும் படித்துவிட்டுத் தானாகவே ஒரு முடிவுக்கு வந்தது. நிண்டு என்பது தெலுங்கில் நிறைவைக் குறிக்கும் சொல், ஆகவே சோதனை நிறைவாக முடிந்தது என்று கொள்ளலாம், இப்போது ‘ஏத்து’ கருவியை இயக்கலாமா என்று கேட்டது. ஒரு மாதிரியைக்கூடச் சோதிக்காமல் தறிக்காரரின் கணினியில் ஏற்றத் தயாராக நின்றது. அதுவும் எவ்வளவு பணிவாக.

முத்துப்பாண்டி தலையைச் சொறிந்தான். “அக்கா எழுதுனதைப் படிச்சு அழிக்கவாச்சும் செஞ்சுச்சு. இது பாஸ் போட்டுருச்சே” என்றான். அவன் வாயிலிருந்து அவளுக்குக் கிடைத்த முதல் நற்சான்று அதுதான்.

இதற்கு ஒரு சுலபமான தீர்வு இருந்தது. கருவியிலிருக்கும் அந்த ஒரு சொல்லை மாற்றிவிட்டால் போதும். நிண்டு என்பதை எடுத்துவிட்டு, தீர்ந்தது என்று வைத்துவிடலாம். ஒரு நிமிட வேலை. நான் சொன்னேன், சப்ரீன் சொன்னாள், முத்துப்பாண்டியே சொன்னான். வெங்கடேஸ்வரி அம்மாள் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார்.

“தீந்துருச்சு, காலி, இல்லை, இந்த வார்த்தையெல்லாம் என் ஆபீஸ் மிஷின்ல வரக் கூடாது. நாலு தறிக்காரங்க வீட்டு அடுப்பு இதை வச்சு எரியுது. நிண்டு நிண்டாவே இருக்கட்டும்.”

அப்படியென்றால் ஏஜென்ட்டுக்கு எப்படித்தான் புரியும் என்று முத்துப்பாண்டி கேட்டான்.

“அதுக்குத்தானலே சப்ரீனு இருக்கா?” என்றார், என்னவோ அது முன்பே முடிவான விஷயம்போல.

சப்ரீன் என்னைப் பார்த்தாள். நான் முத்துப்பாண்டியைப் பார்த்தேன். மாசக் கடைசியைப் பற்றி யாரும் பேசவில்லை.

ஆனால் பாடு அத்தோடு முடியவில்லை. அவள் அங்கேயே உட்கார்ந்து குறிப்பைத் திருத்தினாள். ‘நிண்டு: மாதிரிகள் தீர்ந்துவிட்டன’ என்று எழுதினாள். வெங்கடேஸ்வரி அம்மாள் தோளுக்குப் பின்னால் நின்று படித்துவிட்டு, குறிப்பிலும் அந்த வார்த்தை வேண்டாம் என்றார். குறிப்பை இயந்திரம் மட்டும்தானே படிக்கப்போகிறது என்று நான் சொல்லிப் பார்த்தேன். யார் படித்தால் என்ன, எழுத்து எழுத்துத்தானே என்றார். ‘இருப்பில் இல்லை’ என்று மாற்றினாள். ‘இல்லை’ கூடாது. ‘முடிந்துவிட்டன’. அது அதைவிட மோசம். ஒரு சொல்லின் பொருளை, அந்தப் பொருளைத் தருகிற எந்தச் சொல்லையும் பயன்படுத்தாமல் எழுத வேண்டும். என் ஆயுளில் இப்படி ஒரு கூத்தை நான் பார்த்ததில்லை. பதிவு என்றால் உள்ளதை உள்ளபடி எழுதுவது என்று நான் சொன்னதற்கு, “உள்ளதை எழுதுங்க அண்ணாச்சி. இல்லாததை ஏன் எழுதுறீங்க?” என்று அந்த அம்மாள் கேட்டார்.

சப்ரீன் எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாக எழுதினாள். கிரைண்டர் காலத்துப் பழக்கப்படி எச்சரிக்கை முதலில் வந்தது.

‘எதையும் நீக்கக் கூடாது. நிண்டு என்று வந்தால் நகலிலிருந்து புதிய மாதிரிகளைக் கொண்டுவந்து வைக்க வேண்டும். வைத்த பிறகே மீண்டும் இயக்க வேண்டும். மீண்டும் நிண்டு என்று வந்தால் நிறுத்திவிட்டு மனிதரைக் கேட்க வேண்டும்.’

பொருளே சொல்லாமல், செய்ய வேண்டியதை மட்டும் சொல்லியிருந்தாள். அந்த அம்மாள் இரண்டு தடவை படித்து, தலையசைத்தார். நானும் படித்தேன். குறை சொல்ல இடம் தேடினேன், கிடைக்கவில்லை. அது வேறு எரிச்சலாக இருந்தது.

மறுநாள் மறுபடியும் பரீட்சை. முத்துப்பாண்டி தன்னிடமிருந்த நகலை ஏஜென்ட்டும் எடுக்கும்படி திறந்து வைத்திருந்தான். ஏஜென்ட் கட்டியது. சோதித்தது. நிண்டு வந்தது. எதையும் நீக்கவில்லை. புதிய மாதிரிகளைக் கொண்டுவந்து வைத்தது. மறுபடி ஓட்டியது. ‘சரி’ என்று வந்தது. முத்துப்பாண்டி இந்தத் தடவை டீக்குப் போகாமல் கடைசிவரை நின்று பார்த்தான். கேட்டிருந்த தறிக்காரரின் பில்லில் துணியின் அகலமும் சேர்ந்து அச்சானது. வேலை முடிந்ததும் ஏஜென்ட் எழுதிய அறிக்கையில், ‘மாதிரிகள் நிண்டு, புதியவை வைக்கப்பட்டன’ என்று இருந்தது. அதுவும் தீர்ந்தது என்று எழுதவில்லை. இந்த ஊர்க் காற்று அதற்கும் பட்டுவிட்டது. அதைத் திருத்தச் சொல்ல வேண்டும் என்று நான் சொன்னேன். இருந்துவிட்டுப் போகட்டும் ஐயா, மேடம் சந்தோஷப்படுவாங்க என்றாள் சப்ரீன்.

மாசக் கடைசி வந்தது. போனது. அவள் எப்போதும் வருகிற பஸ்ஸில் வந்து இறங்கினாள். ஜாபிர் இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்துவிட்டு, சுந்தரபாண்டியத்திலிருந்து காளீஸ்வரி என்ற பெண்ணைப் பில் மேசைக்குப் போட்டுக்கொண்டார். புது மின்விசிறி அவளுக்குச் சுற்றுகிறது. செருப்பு அளவைக் கேட்டால் இன்னும் காலைத்தான் தூக்கிக் காட்டுகிறார்களாம்.

சப்ரீன் இப்போது கருவிகளில் வருகிற ஒவ்வொரு சொல்லையும் எடுத்துக்கொண்டு வெங்கடேஸ்வரி அம்மாளின் அறைக்குப் போகிறாள். ‘சரி’ என்று வருகிறதே, அது சரியாக இருக்கிறது என்கிற சரியா, சரி விடு என்கிற சரியா என்று போன வாரம் கேட்டாள். அந்த அம்மாள் கொஞ்சம் யோசிக்க வேண்டியிருந்தது என்பதைக் கேட்டதும் எனக்குத் தலை சுற்றியது.

எனக்கு ஒரு விஷயம் மட்டும் உறுத்திக்கொண்டே இருந்தது. பஸ் நிறுத்தத்தில் அவளிடம் கேட்டுவிட்டேன். நிரந்தரம் என்று சொன்னார்களா, ஏதாவது எழுதிக் கொடுத்தார்களா, வாய்வார்த்தையாவது உண்டா என்று. இல்லை என்றாள். அப்படியென்றால் வேலை உறுதி என்று எதை வைத்துச் சொல்கிறாய் என்றேன். இப்படிப்பட்ட அலுவலகத்தில் என்னால் ஒரு நாள்கூடக் குப்பை கொட்ட முடியாது என்றும் சொன்னேன்.

ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் வந்துவிட்டது. ஒரு காலைப் படியில் வைத்துக்கொண்டே அவள் திரும்பினாள்.

“‘பொறவு பாத்துக்கிடலாம்’னு மேடம் மறுபடி சொல்லலையேய்யா. அப்போ இருக்குன்னுதான் அர்த்தம்.”